ஒருமனதாக

டீ குடிச்சுட்டு வந்து முடிச்சிருவோம்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டார் தலைவர். முடிச்சிருவோமாம். எல்லாரும் அவர் பின்னாடியே போயிட்டாங்க, வராண்டாவுல இருந்து மெதுவடை வாசம் இங்க வரைக்கும் வருது, நான் மட்டும் இந்த பிரிவியூ தியேட்டர்ல சிவப்பு சீட்டுல தனியா உக்காந்திருக்கேன். முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டேன். வலிக்கத்தான் செய்யுது, ஆனா அதுக்காக இல்ல. இப்ப எந்திரிச்சுப் போயி அவங்களோட நின்னு வடையத் தின்னா, "இந்திராணிம்மா, சட்னி இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க"ன்னு ஒருத்தர் அன்பா சொன்னாப் போதும், எனக்கு மனசு எளகிரும். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா இந்த சினிமாவுல யார் அன்பாப் பேசினாலும் தலையாட்டிட்டு வந்தவதான் நான். அம்மா வேஷம், அக்கா வேஷம், அண்ணி வேஷம், எல்லா வேஷத்துலயும் தலையாட்டல்தான் முக்கால்வாசி. இன்னிக்கு ஆட்டப் போறதில்ல. ஆட்டவே மாட்டேன். அதுக்குத்தான் இந்த சீட்ட விட்டு எந்திரிக்கல. ஏசி வேற எலும்பு வரைக்கும் குளிருது, சேலத் தலைப்ப இழுத்துப் போத்திக்கிட்டேன்.

சங்கதி இதுதான். எங்க சங்கம் வருஷா வருஷம் குடுக்கிற விருதுல சிறந்த நடிகை யாருன்னு முடிவு பண்ணணும். குழுவுல ஏழு பேரு. மத்த விருதெல்லாம் பேசி முடிச்சாச்சு, இது ஒண்ணுதான் நிக்குது. ரெண்டு பேரு மிஞ்சியிருக்காங்க. ஒருத்தி ஆதிரா. பெரிய படம், வக்கீலா வர்றா, கோர்ட்டுல நின்னு பொளந்து கட்டுறா. இன்னொருத்தி செண்பகக்கனி. தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு, பொண்ணென்ன, நாப்பது வயசுப் பொம்பள, வீதி நாடகத்துல இருந்து வந்தவ. சின்னப் படம். உப்பளத்துல வேல பாக்குறா, போலீசு கூட்டிட்டுப் போன மகன் திரும்பி வரல, ஸ்டேஷன் வாசல்ல போயி நிக்கிறா. அவ்வளவுதான் கதை. முந்தாநாள் அந்தப் படத்தப் பாத்துட்டு லைட்டப் போட்டப்ப நம்ம தலைவர் சத்தியசீலன், அம்பது படம் எடுத்த மனுசன், கண்ணாடியக் கழட்டித் தொடச்சார், தொடச்சார், தொடச்சுக்கிட்டே இருந்தார். கேமராமேன் தியோடர் பாத்ரூம் பக்கமாப் போயி மூக்கச் சிந்திட்டு வந்தார். நேத்து சாயங்காலம் வரைக்கும் ஏழு பேருக்கும் செண்பகக்கனிதான். ஏழு பேருக்கும்! இன்னிக்குக் காலையில விமர்சகர் அமுதவாணன் வந்தார், கையில டைட்டில் கார்டு குறிச்ச பேப்பரு. "ஒரு சின்ன சிக்கல் இருக்கு. செண்பகக்கனிக்குப் பேசினது அவங்க இல்ல. டப்பிங்"னார். தலைவர் விதிப் புத்தகத்தப் பிரிச்சார். விருதுக்குரிய நடிப்பு நடிகையின் சொந்தக் குரலில் அமைந்திருக்க வேண்டும். அச்சடிச்சிருக்கு. முடிஞ்சுது. ஆறு பேரும் ஆதிரா பக்கம் சாஞ்சுட்டாங்க, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா.

நிலோஃபர் கூடச் சாஞ்சுட்டா, அதுதான் எனக்கு ஆறவே இல்ல. சின்ன வயசு டைரக்டர், நல்ல படம் எடுக்கிறவ, முந்தாநாள் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதவ. "விதி இருக்கே மேடம், நாம என்ன பண்றது"ங்கிறா. என்ன பண்றதா? அடியேய், அந்தக் குரல எடுத்தது யாரு? செண்பகக்கனியா போயி என் தொண்டை வேண்டாம், வேற தொண்டை மாட்டுங்கன்னு கேட்டா? அவள எவனாவது கேட்டிருப்பானா? கேட்டிருக்கவே மாட்டான். சத்தியம் பண்ணுவேன் நான். எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும். படம் முடிஞ்சிரும். எடிட்டிங்ல உக்காந்து யாரோ ஒருத்தன் சொல்லுவான், முகம் பிரமாதம் சார், குரல்தான் கொஞ்சம் கரகரன்னு இருக்கு, அந்த ஊர்ப் பேச்சு சென்னையில ஒருத்தனுக்கும் புரியாது சார். அவ்வளவுதான். டப்பிங் தியேட்டருக்கு ஒரு போன். வேற ஒருத்தி வருவா, ஒரு பகல்ல பேசிட்டுப் போயிருவா. நடிச்சவளுக்குச் சொல்லணும்னு ஒருத்தனுக்கும் தோணாது. கெட்டவங்கன்னு சொல்லல. தோணாது, அவ்வளவுதான். லைட்ட அணைக்கிறப்ப லைட்டக் கேட்டுட்டா அணைக்கிறோம்? அவ தன் படத்தப் பாக்க ஆசை ஆசையா வந்து உக்காருவா, திரையில அவ வாயத் தொறப்பா, உள்ள இருந்து எவளோ ஒருத்தி பேசுவா.

எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னால, மதுரையில பகல் காட்சி. நானும் என் வீட்டுக்காரரும் என் மாமியாரும். ஊரெல்லாம் சொல்லி வச்சு, மல்லிகப்பூ வச்சுக்கிட்டு, பட்டுச் சேல கட்டிக்கிட்டுப் போயிருந்தேன். மில்லுல வேல போன ஒருத்தனோட பொண்டாட்டி வேஷம். அந்தக் கடைசி சீன், வீட்டுச் சாமானெல்லாம் தெருவுல தூக்கிப் போடுறாங்க, நான் கத்தணும். நிஜமாவே கத்தினேன். தொண்ட கிழிஞ்சுது. மிளகுப் பால் குடிச்சுக் குடிச்சு ஒரு வாரம் பேச்சில்லாம கெடந்தேன். டைரக்டர் என் தலையில கை வச்சு, நீ ஜெயிச்சுட்டம்மான்னார். அந்தச் சீனு வருது, நான் வீட்டுக்காரர் கையப் பிடிச்சுக்கிறேன், திரையில நான் வாயத் தொறக்கிறேன், உள்ள இருந்து தேனாட்டம் ஒரு குரல் வருது. நான் திரும்பிப் பாத்தேன். பின் சீட்டுல யாராவது பேசுறாங்களான்னு திரும்பிப் பாத்தேன்! என் வீட்டுக்காரர் குனிஞ்சு, "என்னடி இது, உன் கொரல் இல்லையே"ங்கிறார். என் மாமியார், "நல்லாத்தான இருக்கு, நீ பேசுனா ஆம்பள பேசுற மாதிரில இருக்கும்"னாங்க. முன் வரிசையில பொம்பளைங்க அழுறாங்க. யாருக்கு அழுறாங்க? எனக்கா, அவளுக்கா? அவமானத்துல உக்காரவும் முடியல, எந்திரிக்கவும் முடியல. வெளிய வந்தப்ப ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுக்கிட்டு கன்னத்தத் தடவி, ஏதாச்சும் பேசும்மான்னாங்க. பேசினேன். அவங்க மொகம் சுருங்கிப் போச்சு. முப்பது வருஷமா சுருங்குற மொகத்தப் பாத்துட்டேன். கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டா இன்னிக்கும் "சொல்லுங்க சார்"ங்கிறான். இருக்கட்டுமே. இதுதான் என் குரல். இந்தக் குரல்லதான் நான் பிள்ளையத் தாலாட்டினேன், என் பிள்ள நல்லாத் தூங்கத்தான செஞ்சான்?

தேன் குரலுக்காரி பேரு சுலோசனா. ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துல பந்திக்கு நிக்கிறப்ப ஒல்லியா ஒருத்தி வந்து, "அக்கா, நான்தான் உங்க கொரல்"னா. அறைஞ்சிரலாமான்னு இருந்துச்சு. அறையல. அவளே என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா. அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சலாம். யாரு என்னன்னு ஒண்ணும் சொல்லாம வரச் சொன்னாங்களாம். ஷூட்டிங்ல பிடிச்ச சத்தத்த, கேமரா இரைச்சலோட, காதுல மாட்டி விடுவாங்க, அதக் கேட்டுக் கேட்டு அதே மாதிரி பேசணும். "உங்க அழுகைய கேட்டேன்க்கா. திரும்பத் திரும்பக் கேட்டேன். இத ஏன் சார் மாத்துறீங்கன்னு சவுண்டு இஞ்சினியர்கிட்ட கேட்டேன். நீ பேசிட்டுப் போம்மான்னுட்டார்"னு சொல்லி ரசத்துல கைய வச்சுக்கிட்டே அழுதா. என் குரலக் கேட்டவ இந்த உலகத்துலயே அவ ஒருத்திதான். அந்த நாடா எங்க போச்சோ, அழிச்சிருப்பாங்க. அந்த வருஷம் எனக்கு விருது வரும்னு பேப்பர்லயெல்லாம் எழுதினாங்க. வரல. குரல் அவருடையது அல்லன்னு தள்ளிட்டாங்க. சுலோசனாவுக்கும் வரல, மொகம் அவளோடது இல்லையே! ரெண்டு பொம்பள சேந்து ஒருத்திய உண்டாக்கினோம், ரெண்டு பேருக்கும் பட்டை நாமம். பரிதாபப்பட்டு எனக்கு ஒரு சிறப்புப் பரிசு குடுத்தாங்க. என் வீட்டுக்காரர் அத ஹால்ல மாட்டினார். வர்றவங்கெல்லாம் இது எதுக்குக் குடுத்தாங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? என் வாயத் தச்சதுக்குக் குடுத்தாங்கன்னா சொல்ல முடியும்? வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறப்ப கழட்டினேன், திரும்ப மாட்டல.

இப்பவும் அதே சிறப்புப் பரிசு. அதே பேரு. தலைவர் எவ்வளவு இதமாச் சொன்னார், "அந்தம்மாவுக்கு சிறப்புப் பரிசு குடுத்துரலாம்மா, எல்லாரும் சந்தோஷமாப் போவோம். உங்களுக்கும் அன்னிக்கு அப்படித்தான குடுத்தாங்க, நீங்க என்ன கொறஞ்சா போயிட்டீங்க?" கொறஞ்சா போயிட்டீங்களாம். யோவ், கொறஞ்சுதான்யா போனேன்! அதுக்கப்புறம் ஒரு டைரக்டரும் என்னைப் பேச விடல. அந்தம்மா குரல் ஒத்து வராதுன்னு ஊர் பூரா பரவிப் போச்சு. வாயசைச்சேன். வெறும் வாயசைச்சேன். எப்படியும் வேற ஒருத்தி பேசப் போறான்னு தெரிஞ்சப்புறம் எவ தொண்டையக் கிழிச்சுக்குவா? நடிப்பு போனது அங்கதான். செண்பகக்கனிக்கும் அதுதான் நடக்கும். இந்த விருது வந்தா அடுத்த படத்துல, என்னையப் பேச விட்டா வர்றேன், இல்லன்னா ஆள விடுங்கன்னு அவ சொல்லலாம். வரலைன்னா அவளும் வாயசைப்பா. இதுக்குத்தான் நான் நிக்கிறேன், கேடயத்துக்காக இல்ல. கேடயம் என்ன கேடயம், ரெண்டு வருஷத்துல முலாம் போயிரும். ஆதிரா மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. நல்ல பொண்ணு. தமிழ் தெரியாம வந்து, கத்துக்கிட்டு, ழகரத்தோட மல்லுக்கட்டி அவளே பேசியிருக்கா. அவள யாரும் மாத்தல, மாத்தத் துணிய மாட்டாங்க. துணிஞ்சா கேஸ் போடுவா. அந்தத் துணிச்சலுக்கு வேணும்னா நானே அவளுக்கு மாலை போடுறேன். ஆனா அந்த கோர்ட் சீன்ல அவ கண்ணு எங்க இருக்கு? தான் நல்லாப் பேசுறோமான்னு பாத்துக்கிட்டே இருக்கு. செண்பகக்கனி கண்ணு அந்தப் போலீசுக்காரனத் தாண்டி உள்ள பெஞ்சுக்கு அடியில மகன் செருப்பு கெடக்கான்னு தேடுது. யாராவது சொல்லிக் குடுத்துத் தேட முடியுமா இத?

காலையில போன் வந்துச்சு. என் சீரியல் கம்பெனி மேனேஜர். "அம்மா, ஆதிரா நம்ம கம்பெனி படத்துப் பொண்ணுதான், பாத்துக்கங்கம்மா." அவ்வளவுதான் சொன்னான், ரொம்ப மரியாதையா. மாமியார் வேஷம் பண்றேன் அந்த சீரியல்ல, பொல்லாத மாமியார், இந்தக் கரகரக் குரல்லயே பேசுறேன், பொல்லாதவளுக்கு இது போதும்னு விட்டுட்டாங்க. பாத்துக்கலைன்னா என்ன ஆகும்? அடுத்த வாரம் சீரியல்ல எனக்கு நெஞ்சுவலி வரும். அதுக்கடுத்த வாரம் ஹால்ல என் போட்டோவுக்கு மாலை தொங்கும், மருமக ஊதுவத்தி ஏத்துவா. எத்தன பேரு போட்டோவாப் போறதப் பாத்திருக்கேன்! பயமா இருக்கா? இருக்கு. ஏன் பொய் சொல்லணும். மருந்துச் செலவு இருக்கு, வீட்டுக்காரர் போனப்புறம் மகன்கிட்ட கையேந்தாம இருக்கேன்னு ஒரு வீம்பு இருக்கு. இத்தன நாள் எல்லாரும் போட்ட கையெழுத்துதான, நானும் போட்டுட்டுப் போயிரலாம். இந்தச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, அறிக்கையில எப்பவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்னுதான் போடுவாங்க. உள்ள அடிச்சுப் புரண்டாலும் வெளிய ஒருமனது. ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒருத்தர் கூட கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னதில்ல, தலைவருக்கு அதுல அவ்வளவு பெருமை. என்னைத் தள்ளினப்பவும் ஒருமனதாகத்தான் தள்ளியிருப்பாங்க. அன்னிக்கு இருந்த ஏழு பேர்ல ஒருத்தராவது எனக்காக சீட்ட விட்டு எந்திரிக்காம உக்காந்திருந்தாங்களா? அதத் தெரிஞ்சுக்க எனக்கு வழியே இல்ல. செண்பகக்கனிக்குத் தெரியட்டும். போட்டோ ஆனா ஆயிட்டுப் போறேன், போ.

வர்றாங்க. வடை வாசத்தோட வர்றாங்க. நிலோஃபர் பேப்பர் கப்புல டீ கொண்டாந்து குடுக்குறா, கண்ணப் பாக்க மாட்டேங்கிறா. வாங்கிக்கிட்டேன், டீ மேல என்ன கோவம். தலைவர் முன் சீட்டுல இருந்து திரும்பி உக்காந்து, "என்ன இந்திராணிம்மா, முடிச்சிரலாமா? ஆதிராவுக்கு விருது, செண்பகக்கனிக்கு சிறப்புப் பரிசு, ஒருமனதா"ங்கிறார். "ரெண்டு சீன மறுபடி பாக்கணும் சார்"ங்கிறேன். "எந்த சீன்?" "கோர்ட்டு சீனும் ஸ்டேஷன் சீனும். சத்தம் இல்லாம." அமுதவாணன் சிரிக்கிறார், "சத்தம் இல்லாம எப்படிம்மா?" "சொந்தக் குரல் இருக்கா இல்லையான்னுதான சண்ட? ரெண்டு பேருக்கும் குரலே வேண்டாம். அப்பப் பாருங்க." தியோடர் மெதுவா, "பாக்கலாமே, பாக்குறதுல என்ன"ங்கிறார். பாக்க உரிமை இருக்கு, அதுவும் விதியில இருக்கு. தலைவர் மேல ஆபரேட்டர் ரூமப் பாத்துக் கையசைக்கிறார், லைட்டு போகுது. ஆதிரா வர்றா. வாயசையுது, கை அசையுது, கறுப்புக் கோட்டு பறக்குது. அழகா இருக்கா. அவ்வளவுதான், அழகா இருக்கா. யாரோ சீட்டுல அசைஞ்சு உக்கார்ற சத்தம் கேக்குது. அப்புறம் ஸ்டேஷன் வாசல்.

சத்தமே இல்லாம செண்பகக்கனி நிக்கிறா. உப்பு பட்டு வெடிச்ச கால், வெயில்ல சுருங்கின கண்ணு, அந்தப் போலீசுக்காரன் ஏதோ சொல்றான், அவ கேக்குறா, கேட்டுட்டு ஒரு அடி பின்னால போறா. போயிட்டுத் திரும்ப வர்றா. வாயத் தொறக்குறா. ஐயோ, இது அந்த வசனம் இல்ல! முந்தாநாள் நாங்க கேட்டதுல, என் மகனை என்னய்யா செஞ்சீங்கன்னு சுத்தமா ஒரு குரல் வந்துச்சு. இந்த உதடு அதச் சொல்லல. முப்பது வருஷமா என் உதட்டுல வேற ஒருத்தி பேச்சப் பாத்தவ நான், உதடு ஒண்ணு சொல்லி சத்தம் ஒண்ணு வர்றது எனக்குத் தெரியாதா? அவ அவ ஊர்ப் பேச்சுல பேசுறா. தெரியுது, பளிச்சுன்னு தெரியுது. "எம் பிள்ளைய என்ன செஞ்சிய?" யார் சொன்னது? நான்தான். என் வாய்தான் சொல்லிருச்சு, சத்தமா, இருட்டுக்குள்ள, என் தொண்டையில இருந்து கரகரன்னு. நிறுத்தணும்னு தோணுச்சு, நிறுத்தல. அவ உதடு அசைய அசைய நான் சொல்றேன். "சோறு தின்னானாய்யா? அத மட்டும் சொல்லுங்க. அடிச்சா தாங்க மாட்டான், சீக்குப் பிள்ள. கும்பிடுதேன்யா. கும்பிட்டுக் கேக்கேன். எம் பிள்ளைய என்ன செஞ்சிய?" அந்த ஸ்பீக்கர்ல ஒரு பொட்டுச் சத்தம் இல்ல, தியேட்டர் முழுக்க என் குரல். ஆம்பளக் குரல். சார்ங்குற குரல். ஒருத்தரும் நிறுத்துங்கன்னு சொல்லல. அவ தரையில உக்கார்றா, நான் நிறுத்துறேன், திரை வெள்ளையாகுது. டீ சேலையில கொட்டிருச்சு.

லைட்டப் போட்டுட்டாங்க. நிலோஃபர் ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா. அமுதவாணன் கையில இருந்த பேப்பர மடிச்சு மடிச்சுச் சின்னதாக்கிட்டார். தலைவர் கண்ணாடியக் கழட்டிட்டார், விதிப் புத்தகம் மடியில இருக்கு, அதத் தொறக்கவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல. கண்ணாடிய மறுபடி மாட்டிக்கிட்டு, "எல்லாம் சரிம்மா, நான் இல்லேங்கல. ஆனா நீங்க ஒருத்தர் மாட்டேன்னா அறிக்கை எப்படி எழுதுறது? இது வரைக்கும் இப்படி நடந்ததே இல்லையே. ஒருமனதாப் போகணுமே இந்திராணிம்மா"ங்கிறார், கெஞ்சுற மாதிரி.

"தாராளமாப் போகலாம் சார்"ங்கிறேன். "நேத்து சாயங்காலம் செண்பகக்கனி பக்கந்தான இருந்தீங்க. ஆறு பேரும் திரும்பி வாங்க."